தூரில் இருக்கிறது உயிர்!

தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும் கப்பலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் துறைமுகத்தை விட்டு உள்நாட்டுப் பக்கம் சில கிலோமீட்டர் சென்று பாருங்கள். உப்பளத்து ஓரம், குளத்தின் உள்வாய், வரத்துக்கால்வாய், தரிசு நிலம் எங்கும் ஒரே முள்மரம் நிற்கக் காண்பீர்கள். அதுதான் சீமைக் கருவேலம். வேலிக்காத்தான் என்றும் சொல்வார்கள். அதை வெட்டி ஒழித்துவிட்டதாக எண்ணி மறு மழைக்குப் பின் போய்ப் பார்த்தால், ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டுகள் தளிர்த்திருக்கும்! இது எங்கிருந்து வந்தது? வெட்ட வெட்ட ஏன் தளிர்க்கிறது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

வந்த கதை

இம்மரம் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் வந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதன் வரலாறு அதைவிடப் பழையது. தென் அமெரிக்காவின் வடபகுதி, நடு அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகியவை இதன் தாயகம். அங்கு இதையும் இதன் உறவு மரங்களையும் ‘மெஸ்கீட்’ என்பர். சென்னை மாகாணத்தில் வனப் பாதுகாவலராக இருந்த பெடோம் என்பவர் 1876-ல் இதன் விதைகளைக் கேட்டு அரசுக்கு எழுதினார். அவை ஜமைக்கா தீவிலிருந்து தருவிக்கப்பட்டு, 1877-ல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டன.

அந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். தாது வருடப் பஞ்சம் நாட்டை வாட்டிய காலம் அது. இரயில் எஞ்சினுக்கும் அடுப்புக்கும் விறகு தேவை. மழையின்றியும் வளரும் மரம் ஒரு வரமாகவே தோன்றியது. 1940-ல் ஜோத்பூர் சமஸ்தானம் இதை அரசு மரமாக அறிவித்துப் பாதுகாப்பும் அளித்தது! விடுதலைக்குப் பின்னரும் வறண்ட மாவட்டங்களில் விறகுக்காக இதைப் பரப்பினார்கள்.

பிறகு ஆடுமாடுகள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. இதன் காய் இனிப்பானது. அதை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கெட்டித் தோலுடைய விதை வயிற்றில் செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து, எருவோடு சேர்ந்தே முளைக்கிறது. உப்பு மண்ணையும் இம்மரம் தாங்கும். எனவே தூத்துக்குடிக் கடற்கரை இதற்கு ஏற்ற இடமாயிற்று.

53 மீட்டரா, ஓர் அடியா?

இதன் வேரைத் தோண்டி மாளாது என்று சொல்பவர்கள் உண்டு. வேர் ஆழமானது என்பது உண்மைதான். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துச் சுரங்கம் ஒன்றில், இவ்வினத்து மரம் ஒன்றின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அப்படியானால் இம்மரத்தை ஒழிக்க 53 மீட்டர் தோண்ட வேண்டுமா?

வேண்டியதில்லை! தண்டும் வேரும் கூடுமிடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் பல உள்ளன. மரம் முழுதாக இருக்கும்போது நுனியில் உண்டாகும் வளர்ச்சிப் பொருள்கள் இம்மொட்டுகளை அடக்கி வைக்கின்றன. மேலே வெட்டியதும் அந்தத் தடை நீங்குகிறது. வேரில் சேமித்திருக்கும் உணவைக் கொண்டு எல்லா மொட்டுகளும் ஒன்றாக விழிக்கின்றன. ஆகவே தரைமட்டத்தில் வெட்டுவது மரத்தைக் கொல்வதாகாது. கிளைக்கச் செய்வதே ஆகும்.

மொட்டுகள் இருக்கும் இந்தப் பகுதியே தூர். அதற்குக் கீழுள்ள வேரில் பொதுவாகத் தளிர்க்கும் ஆற்றல் இல்லை. இளமரமானால் அரை அடி, முதிர்ந்ததானால் ஓர் அடி ஆழத்தில் வேரை அறுத்துத் தூரைப் புரட்டி எடுத்துவிட்டால் போதும். ஆழத்து வேர் தானே மடிந்துவிடும். டெக்சாஸ் மேய்ச்சல் நிலங்களிலும் இதே உண்மையைக் கொண்டே மெஸ்கீட்டை எதிர்த்தனர். மொட்டுப் பகுதிக்குக் கீழே வேரை அறுத்துச் செல்லும் பெரிய கலப்பைகளை அங்கே டிராக்டரில் பூட்டினார்கள்.

தூரும் பிழைப்பும்

விளாத்திகுளம் வட்டாரத்திலும் அடுத்துள்ள இராமநாதபுரம் மாவட்டத்திலும் இம்மரம் பலருக்குச் சோறு போடுகிறது. விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்றைக் குறைத்துத் தீயிட்டு, பல நாள் புகையவிட்டுக் கரி எடுப்பதை மூட்டம் போடுதல் என்பர். மழை பொய்த்த ஆண்டில் இத்தொழிலே கைகொடுக்கும். இவர்களுக்குத் தரைக்கு மேல் வெட்டி, மறுபடி தளிர்க்க விடுவதே இலாபம். குளத்துக்கோ தூரோடு போவதே நன்மை. ஒரே மரத்தைப் பற்றி ஊருக்குள் இரண்டு நியாயங்கள் இருப்பது இதனால்தான்.

2017-ன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை விரைந்து அகற்ற உத்தரவிட்டது. ஊர்தோறும் பொக்லைன் எந்திரங்கள் இறங்கின. அறிவியல் ஆய்வு இல்லாமல் இதைச் செய்யலாமா என்ற கேள்வி எழுந்து, அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவதோடு நில்லாமல், அந்த இடத்தில் நாட்டுத் தாவரங்களை மீட்பதும் அதன் நோக்கம்.

உடைமரம் எது?

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்பகுதியில் சிலர் சீமைக் கருவேலத்தை உடைமரம் என்கிறார்கள். உடை என்பது நம் நாட்டுக் குடைவேலத்தின் பெயர். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மரம் அது. பெயரை நம்பி அதையும் பிடுங்கிவிடக்கூடாது! குடைவேலத்தின் தலை விரித்த குடைபோலத் தட்டையாக இருக்கும். அதன் பூ வெண்ணிற உருண்டை, காய் சுருண்டது. சீமைக் கருவேலத்தின் பூவோ மஞ்சள் கலந்த நீண்ட கதிர். காய் தட்டையானது, மஞ்சள் நிறத்தது.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதும், தூத்துக்குடி மாவட்டத்துக் குளங்கள் பல உடைந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அத்தனை பெரிய மழைக்கு ஒரு மரத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஆயினும் வரத்துக்கால்வாயில் புதர் அடைத்து நின்றால் நீர் ஓடும் இடம் குறையும் என்பதை மறுப்பார் இல்லை.

உங்கள் பள்ளியோ கல்லூரியோ நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் குளத்தைத் துப்புரவு செய்யச் சென்றால், அரிவாளோடு கடப்பாரையையும் எடுத்துச் செல்லுங்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது தொடங்குங்கள். தூரைச் சுற்றிப் பறித்து, பக்க வேர்களை அறுத்து, கழுத்தோடு புரட்டி எடுங்கள். குழியை மூடுங்கள். மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். எனவே அடுத்தடுத்த மழைக்கும் சென்று முளைத்த கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள். கரையில் பனங்கொட்டை ஊன்றுங்கள். எடுத்த தூரை ஊரிலுள்ள கரி மூட்டக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். குளமும் பிழைக்கும், அவர் அடுப்பும் எரியும்.