கடலின் இளஞ்சூடு

நான் கல்லூரியில் பயின்ற காலத்தில், எங்கள் பௌதிக ஆசிரியர் ஒரு கண்ணாடிக் குடுவையில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, அதனுள் இருந்த காற்றைக் காற்றிறைப்பானால் வெளியேற்றினார். அடுப்பில்லை, அனலில்லை, ஆயினும் நீர் தளதளவென்று கொதித்தது! குடுவையைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. அழுத்தம் குறைந்தால் இளஞ்சூட்டிலேயே நீர் ஆவியாகும் என்பதை அன்று கண்ணாரக் கண்டேன். இவ்வுண்மையை நம்பித் தம் பொருளையும் கடலில் இட்டவர் ஒருவரின் வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

மேட்டிலிருந்து பள்ளத்திற்கு விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுவது போல, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குச் செல்லும் வெப்பமும் வேலை செய்யும் என்று 1824-இல் பிரெஞ்சு அறிஞர் சாதி கார்னோ விளக்கினார். வெப்பமண்டலக் கடலின் மேல்நீர் ஏறத்தாழ 27 டிகிரி சூடுடையது. ஆயிரம் மீட்டர் ஆழத்து நீரோ 5 டிகிரிதான். இவ்வேறுபாட்டால் பொறியை இயக்கலாம் என்று 1881-இல் தார்சோன்வால் கூறினார். அதைச் செய்து காட்ட முனைந்தவர், நியான் விளக்கைக் கண்ட ஜார்ஜ் குளோத்.

1930-இல் கியூபாவின் மட்டன்சாஸ் விரிகுடாவில் அவர் நிலையம் அமைத்தார். ஆழத்து நீரைக் கொணரும் குழாய் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம், விட்டம் 1.6 மீட்டர். முதல் இரு குழாய்களும் கடலோடு போயின. மூன்றாவது நிலைத்தது, 22 கிலோவாட் மின்சாரமும் பிறந்தது. ஆனால், நீரிறைக்கும் பம்புகள் அதனினும் மிகுதியாக உண்டுவிட்டன! பின்னர்ப் புயல் அக்குழாயையும் அழித்தது.

ஏன் இத்துன்பம்? கணக்கிட்டுப் பாருங்கள். தனி வெப்பநிலை அளவில் 27 டிகிரி என்பது 300. 5 டிகிரி என்பது 278. வேறுபாடு 22. இருபத்திரண்டை முந்நூறால் வகுத்தால், நூற்றுக்கு ஏழுக்குச் சற்று மேல். எவ்வளவு திறமையான பொறியும் இவ்வெல்லையைக் கடவாது. ஆதலின் நீர் பெருவெள்ளமாக வேண்டும். குழாயைச் சிறிதாக்கலாமோ எனின், விட்டம் பாதியானால், அதே அளவு நீரைச் செலுத்த உராய்வால் நேரும் இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும். வெப்பவியல் பெருங்குழாயைக் கேட்கிறது. கடலோ பெருங்குழாயையே முதலில் முறிக்கிறது.

குளோத் தளரவில்லை. 1935-இல் பிரேசில் கரைக்கப்பால், ‘துனிசி’ என்னும் பதினாயிரம் டன் கப்பலில், பனிக்கட்டி செய்யக் கருதி மீண்டும் முயன்றார். அலைகள் மீண்டும் வென்றன.

1979-இல் ஹவாய்த் தீவருகே, அம்மோனியாவை ஆவியாக்கி இயக்கிய சிறு மிதவை நிலையம், வளைந்து கொடுக்கும் பாலிஎத்திலீன் குழாயின் துணையால் 50 கிலோவாட் ஈந்தது. பம்புகளின் செலவு போகச் சிறிது மிஞ்சியது. குளோத் காணாத மிச்சம் அது! 2005-இல் நம் இலட்சத்தீவின் கவரத்தியில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், அதே வெற்றிட முறையால் மேல்நீரை ஆவியாக்கி, ஆழத்து நீரால் குளிர்வித்து, நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர் குடிநீர் பெறும் நிலையத்தை நிறுவியது. அங்கு மின்சாரம் விளையவில்லை, வெளியிலிருந்தே தரவேண்டியிருந்தது. ஆயினும் உப்புநீர் சூழ்ந்த தீவில் நன்னீர் கிடைத்தது.

நண்பர்களே! கடலும் காற்றும் ஞாயிறும் விலை கேட்பதில்லை. அவற்றைக் கொணரும் குழாயும் பம்பும் விலை கேட்கின்றன. புதியதோர் ஆற்றல் திட்டத்தைப் பற்றிக் கேள்வியுறும்போது, “எவ்வளவு வரும்?” என்று வினவுங்கள், உடனே, “எவ்வளவு போகும்?” என்றும் வினவுங்கள். வரவை மட்டும் எழுதுவது கணக்காகாது.