வடபாதை: யாழ்ப்பாணம் – கொழும்பு பயணிகள் போக்குவரத்து, 1905–2023

இலங்கையின் மலையகப் பாதை கோப்பிக்காகப் போடப்பட்டது. 1867இல் கண்டியை எட்டிய அந்தப் புகையிரதத்துக்கு மூட்டைகளே முதல் வருமானம். வடபாதைக்கு அப்படியொரு பெருந்தோட்டப் பயிர் வாய்க்கவில்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலை போயிற்று என்றாலும், வன்னிக் காட்டை ஊடறுத்த அந்தத் தண்டவாளம் ஆட்களை நம்பியே வளர்ந்தது. ஆகவே இதன் ஏற்ற இறக்கத்தைச் சரக்குக் கணக்கில் தேடுவதைவிட, யாழ்ப்பாணத்தார் எதற்காகக் கொழும்பு போனார்கள், யாருடைய அனுமதியுடன் போனார்கள் என்று பார்ப்பதே பொருத்தம்.

காங்கேசன்துறை – சாவகச்சேரிப் பகுதி 1902இல் திறக்கப்பட்டது. 1905இல் பாதை கொழும்புடன் இணைந்தது. அதற்கு முன் கரையோரக் கப்பலும் மாட்டுவண்டியுமே துணை. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரம் சுருங்கியதும், மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் படித்தவர்கள் கொழும்புக் கந்தோர்களில் வேலைபார்த்து, குடும்பத்தை ஊரிலேயே வைத்திருப்பது வழமையாயிற்று. சம்பளம் மணியோடரில் வந்தது; ஆள் லீவுக்குக் கோச்சியில் வந்தார். அரச உத்தியோகத்தருக்குக் கிடைத்த புகையிரத ‘வொறண்ட்’ இந்த வாழ்க்கைமுறைக்குப் பெரும் முண்டு.

பி. டி. ரம்பாலா புகையிரதப் பொதுமுகாமையாளராக இருந்த காலத்தில், 1956 ஏப்ரலில், யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிற்று. வடபாதையின் மிகப் புகழ்பெற்ற வண்டி வந்ததும், அதன் நிலையான பயணியான தமிழ் எழுதுவினைஞரின் வேலைவாய்ப்பு சுருங்கத் தொடங்கியதும் இரண்டே மாத இடைவெளியில். யாழ்தேவியைப் பற்றிய ஏக்கக் கட்டுரைகள் இதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன.

அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் 1990 ஜூனில் மீண்டும் மூண்டபோது வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ஆனையிறவுத் தரைவழியும் அடைபட, குடாநாட்டை விட்டு வெளியேறக் கிளாலிக் கடனீரேரிதான் மிஞ்சியது. கடற்படைக்குப் பயந்து இரவில்தான் ஓட்டம். ஒரு மோட்டார்ப் படகு முன்னே இழுக்க, கயிற்றில் பிணைத்த படகுகள் பின்னே வரும். பயணப்பைகளுக்கு நடுவே குழந்தைகளும் முதியவர்களுமாகப் பூநகரிக் கரைக்குப் போனார்கள். 1993 ஜனவரியில் இங்கே பயணிகள் கொல்லப்பட்ட பின்னரும் படகுகள் ஓடின. படகேறுவதற்கும் முன்னதாகப் புலிகளின் ‘பாஸ்’ எடுக்க வேண்டும். திரும்பி வருவேன் என்பதற்கு ஊரில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். பயணச் செலவைக் காசில் மட்டும் கணக்கிட்டால் அந்தப் பிணையாளி கணக்கில் வரமாட்டார்.

1996இல் குடாநாடு முழுவதும் இராணுவத்தின் கைக்கு வந்தபின் அனுமதி கொடுக்கும் கை மாறியது; பாதை திறக்கவில்லை. கப்பலும் விமானமுமே வழி. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

போர்நிறுத்தத்தின் பயனாக ஏ-9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் மூட்டை முடிச்சுடன் இறங்கி, இரு தரப்புச் சோதனையையும் தாண்ட வேண்டும். சனம் அதையும் பொறுத்துக்கொண்டது. 2006 ஆகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது.

போர் முடிந்தபின் வீதிதான் முந்தியது. இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் பாதையைப் புதிதாக அமைத்து, 2014 ஒக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கு வண்டி வரும்போது, தனியார் இரவுச் சொகுசு பஸ்கள் காலூன்றி நாலைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இரவில் ஏறினால் விடியற்காலை யாழ்ப்பாணம். கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையம்வரை போகும் அலைச்சல் இல்லை. கொழும்புத் தமிழர் செறிந்து வாழும் இடத்துக்கே வண்டி வருவது புகையிரதத்தால் எளிதில் ஈடுகட்ட முடியாத வசதி. பயணியும் மாறியிருந்தார்: எழுதுவினைஞரின் இடத்தில் பல்கலைக்கழக மாணவர், வியாபாரி, விடுமுறைக்கு வரும் புலம்பெயர்ந்தோர், தெற்கிலிருந்து நாகதீப விகாரைக்குச் செல்லும் யாத்திரிகர்.

2023 ஜனவரி முதல் ஜூலை வரை அநுராதபுரம் – ஓமந்தைப் பகுதி திருத்தவேலைக்காக மூடப்பட்டது. வடபாதைப் புகையிரதம் ஆறு மாதம் நின்றும், பஸ்ஸில் ஏற எவரும் பிணையாளி தேட வேண்டியிருக்கவில்லை.