ஒரே உயிருக்கு ரெண்டு பேர்: ஒபீலியாவின் கதை

நான் மீஞ்சூர்க்காரன். சின்ன வயசுல காட்டுப்பள்ளிக் கரையில கிடக்கிற பழைய கயிறுகள்ல பழுப்பா, ரோமம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். "பாசி"ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். அதுல சிலது பாசியே இல்ல, விலங்குன்னு காலேஜ்லதான் தெரிஞ்சுது.

சுவாலஜி படிச்சவங்களுக்கு ஒபீலியா ஞாபகம் இருக்கும். பார்க்க ஓரிரண்டு அங்குலச் செடி. ஆனா ஒவ்வொரு கிளை நுனியிலயும் ஒரு வாய், சுத்தி உணர்கொம்புகள். 1755ல ஜான் எல்லிஸ்ங்கிற லண்டன் வணிகர்தான், இந்த மாதிரி 'கடல் செடிகள்' விலங்குகள்னு மைக்ரோஸ்கோப் வெச்சுப் பார்த்து எழுதினார். 1758ல லின்னேயஸ் இதை செர்டுலேரியாங்கிற பேர்ல சேர்த்தார். 1810ல பெரோன், லெசூர்னு ரெண்டு பிரெஞ்சுக்காரர்கள், கடல்ல மிதந்த ஒரு குட்டிச் சொறிக்கு ஒபீலியான்னு பேர் வெச்சாங்க. ரெண்டும் ஒரே உயிர்னு அப்போ யாருக்கும் தெரியாது.

நடக்கிறது இதுதான். ஒட்டியிருக்கிற காலனியில சில கிளைகள் இரை பிடிக்காது. அதுல மொட்டு விட்டு, கடுகளவு சொறிகள் பிரிஞ்சு நீந்திப் போகும். அதுல ஆண், பெண் உண்டு. முட்டையும் விந்தும் தண்ணியில கலந்து, பிளானுலாங்கிற லார்வா உருவாகும். அது கல்லோ கயிறோ கிடைச்சா ஒட்டிக்கிட்டு மறுபடி 'செடி' ஆகும். இப்படி தலைமுறைக்குத் தலைமுறை உருவம் மாறுறதை, 1842ல டென்மார்க்கோட ஸ்டீன்ஸ்ட்ரப் ஒரு பொது விதியாவே எழுதினார்.

நம்ம ஊர்லயும் இந்தப் பிரிவு இருந்தது. 1932ல மேனன் சென்னைக் கடல்ல மிதக்கிற ஹைட்ரோமெடுசாக்களைப் பத்தி எழுதினதை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டுச்சு. 1942ல பால், சென்னைத் துறைமுகத்துல ஒட்டி வளர்ற உயிரினங்களைப் பத்தி எழுதினார். மிதக்கிறது ஒரு ஆய்வு, ஒட்டினது இன்னொரு ஆய்வு.

இது ஏன் முக்கியம்? 2023 டிசம்பர்ல எண்ணூர்க் கழிமுகத்துல எண்ணெய் கலந்தப்போ, படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பாச்சு. கொஞ்ச நாள்ல "தண்ணி தெளிஞ்சிடுச்சு"ன்னு பேச்சு வந்தது. ஆனா இந்த உயிருக்குத் தண்ணி மட்டும் தெளிஞ்சா போதாது. ஒட்டுறதுக்கு சுத்தமான கல்லும் வேணும், நீந்துறதுக்கு சுத்தமான தண்ணியும் வேணும். ரெண்டுல ஒண்ணு போனாலும் சுழற்சி அங்கேயே நின்னுடும்.

அடுத்த முறை காசிமேடு போனா, படகு கட்டியிருக்கிற கயிறைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. பாசின்னு கடந்து போயிடாதீங்க.