வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது: ஈட்டுறுதிகளின் மொழியும் கடனாளியின் ஒப்புதலும்

இலங்கையின் நிலவுடைமை வரலாற்றை ஆராய்வோர்க்கு நொத்தாரிசு உறுதிகள் முதன்மையான சான்றாதாரங்களாகும். நிலம் எவரிடமிருந்து எவருக்கு, எத்தொகைக்கு, எந்நிபந்தனையின் பேரிற் கைமாறியது என்பதை அவற்றினின்றே அறிகிறோம். உறுதியின் இறுதியில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சிப் பகுதியில், அவ்வுறுதி கைச்சாத்திடுபவருக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் இடம்பெறுவதுண்டு. ஆய்வாளர் பெரும்பாலும் கவனியாது கடந்து செல்லும் வாக்கியம் அது. ஆங்கிலம் அறியாத ஒருவர் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஈட்டுறுதியிற் கையொப்பமிட்டபோது எதற்கு உடன்பட்டார் என்னும் வினாவுக்கு அவ்வாக்கியம் விடையாகுமா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

வழமையும் அதன் மொழியும்

யாழ்ப்பாணத்து வழக்கில் ஒற்றி, ஈடு, அறுதி என்னும் மூன்று சொற்களும் மூன்று வேறுபட்ட உறவுகளைக் குறித்தன. ஒற்றியில் நிலம் கடன் கொடுத்தவரின் அனுபவத்துக்குச் செல்லும். விளைவே வட்டியின் இடத்தைப் பெறும். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் நிலம் மீளும். ஈட்டில் நிலம் உடையவர் கையிலேயே இருக்கும். வட்டி தனியே செலுத்தப்படும். அறுதி என்பது மீளா விற்பனை. எழுத்தறியாத கமக்காரரும் இவற்றை வேறுபடுத்தி அறிந்திருந்தனர். ஏனெனில், இவை சட்டநூற் சொற்களாக அன்றி, நிலத்தில் யார் உழுவார், யார் அறுப்பார் என்பதைக் குறிக்கும் வாழ்க்கைச் சொற்களாக இருந்தன.

இவ்வழமைகளை ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் திரட்டி, 1707இல் ஒல்லாந்த மொழியில் அரசிடம் சமர்ப்பித்தார். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். அந்நிய மொழியில் எழுதப்பட்ட ஓர் ஆவணத்துக்கு உள்ளூரவரின் ஒப்புதல் வேண்டுமாயின் அது முழுமையாக அவர்தம் மொழியில் அவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதை அவ்வாட்சியாளரும் உணர்ந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகும். ஆயின், அவ்வாய்ப்பு எவர்க்குக் கிட்டியது என்பதையும் நாம் நோக்க வேண்டும். தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. அவ்விதிகளுக்கு அடிமைகளின் ஒப்புதலை எவரும் கேட்டாரல்லர். மொழிபெயர்ப்பு என்பது அதிகாரம் உடையாரிடையே நிகழ்ந்த பரிமாற்றமாகவே தொடங்கிற்று.

எழுத்தின் ஆட்சி

பிரித்தானியர் ஆட்சியில் நிலம் சந்தைப் பண்டமாக மாறிய வேளையில், உரிமைகளை உறுதிப்படுத்தும் தேவை எழுந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நில விற்பனையும் ஈடும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசினதும் இரண்டு சாட்சிகளினதும் முன்னிலையிற் கைச்சாத்திடப்பட்டாலன்றிச் செல்லா என விதித்தது. மோசடியைத் தடுப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், எழுத்திலுள்ள ஒப்பந்த நிபந்தனைகளை மறுத்தோ மாற்றியோ வாய்மொழிச் சான்று கூறுவதைப் பொதுவிதியாகத் தடைசெய்தது.

இவ்விரு சட்டங்களும் இணைந்தபோது நேர்ந்த விளைவைக் கற்பனை எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். கமக்காரர் ஒருவர் மூன்றாண்டுத் தவணையிற் காணியை ஈடு வைப்பதாக எண்ணிப் பணம் பெறுகிறார். 'பணத்தைக் கொண்டுவந்தாற் காணியைத் திருப்பி எழுதித் தருவேன்' எனக் கடன் கொடுப்பவர் கூறுகிறார். அவர்கள் பேசியது தமிழில். எழுதப்பட்டதோ ஆங்கிலத்தில், அதுவும் அறுதி விற்பனையாக. வழக்கு எழும்போது தமிழிற் பேசியது தள்ளுண்டு போக, ஆங்கிலத்தில் எழுதியதே நிலைபெறுகிறது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, உடைமையாளர் தம் அனுபவ உரிமையைக் கைவிடும் எண்ணமின்றி எழுதிக் கொடுத்தாரெனச் சூழ்நிலைகள் காட்டுமாயின், பெற்றவர் அதனை அவர் பொருட்டே வைத்திருத்தல் வேண்டுமென ஒரு பரிகாரத்தை அளித்தது. எனினும், அதனை நாடுதற்கு வழக்காடும் வசதி வேண்டும். கடன்பட்டு நிலமிழந்தாரிடம் அவ்வசதி அரிதாகவே இருந்தது.

ஆங்கிலத்துள் இலத்தீன்

ஈட்டுறுதிகளின் மொழி ஆங்கிலம் மட்டுமன்று. உரோமன்-ஒல்லாந்தச் சட்ட மரபின்வழி வந்த இலத்தீன் தொடர்களும் அவற்றில் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று 'நொன் நியூமெராட்டே பெக்கூனியே' என்னும் சலுகையைத் துறப்பதாகும். 'எண்ணிக் கொடுக்கப்படாத பணம்' என்பது அதன் நேர்ப்பொருள். கடன் பெற்றதாக எழுதிக் கொடுத்தவர், உண்மையிற் பணம் தம் கைக்கு வரவில்லை என எதிர்வாதம் புரிய அச்சலுகை இடமளித்தது. அவ்வாறு வாதிடுமிடத்துக் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரைச் சாரும். துறந்தபின் அப்பொறுப்பு கடனாளியின் தலையில் விழும். கொடுத்த தொகை வேறு, எழுதிய தொகை வேறு என்னும் வழக்கம் நிலவிய சூழலில் இஃது அற்பமான துறப்பன்று. ஒரு வரியில் அடங்கிய இத்தொடரை ஆங்கிலம் கற்றவரும் சட்டம் பயிலாதவிடத்து விளங்கிக்கொள்ளார்.

விளக்கம் என்னும் சடங்கு

1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம், உறுதியை வாசிக்க இயலாதவருக்கு அதனைச் சாட்சிகள் முன்னிலையில் வாசித்து விளங்கப்படுத்திய பின்னரே அத்தாட்சிப்படுத்தலாம் என நொத்தாரிசைப் பணித்தது. இவ்விதி மதிக்கத்தக்கது, இன்றும் கடனாளிக்குரிய முக்கிய பாதுகாப்பு இதுவே. ஆயினும், அதன் எல்லைகளையும் சுட்டுதல் தகும். முதலாவதாக, விளக்கம் நிகழ்ந்ததற்கு அத்தாட்சி கூறுபவர் விளக்கியவரே. இரண்டாவதாக, விளக்கம் கையொப்பத்தின் வாயிலில் நிகழ்கிறது. பணத்தின் தேவை முற்றிவிட்ட அவ்வேளையில் மறுத்தெழும் வலு எவரிடத்தும் குறைவே. மூன்றாவதாக, வடிவம் சார்ந்த விடயங்களில் நொத்தாரிசு விதி வழுவியதனாலேயே உறுதி செல்லாததாகிவிடாது எனவும் அதே சட்டம் கூறிற்று. எனவே, அவ்வாக்கியம் ஒரு கடமை நிறைவேறியதாகக் கூறும் கூற்றேயன்றி, கடனாளி விளங்கிக்கொண்டார் என்பதற்குத் தனித்து நிற்கும் சான்றாகாது.

இதனைத் தமிழர்க்கு மட்டும் உரிய குறையாகக் கொள்ளுதல் தவறாகும். ஆங்கில உறுதியின் முன் சிங்களக் கமக்காரரும் இதே நிலையினரே. கடன் பத்திரத்திற் கொடுத்த முதலையும் முன்கூட்டிக் கழித்த தொகையையும் வட்டி வீதத்தையும் குறிக்க வேண்டுமென 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்ததும், 1941இல் கடன் இணக்கச் சபைக்குச் சட்டம் இயற்றப்பட்டதும் நாடளாவிய கடன்பளுவின் அறிகுறிகளாம். தாய்மொழியிலேயே எழுதப்பட்டாலும் வறுமை வறுமையே. நிலமற்றவன் பேரம் பேசும் வலுவை மொழி தந்துவிடாது. ஆனால், தான் எதை இழக்கக்கூடும் என்பதை முன்னரே அறியும் உரிமையை மொழி தர இயலும்.

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தையொட்டிய விவாதங்கள் நிருவாகம், கல்வி, உத்தியோகம் என்பனவற்றையே பெரிதும் சுற்றி நின்றன. ஒப்பந்தங்களின் மொழி உரிய கவனத்தைப் பெறவில்லை என்பது எமது கருத்து. 1987இன் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும் ஆங்கில ஈட்டுறுதிகள் மறைந்தில. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமோ, கடன் தவறியவிடத்து வழக்குத் தொடராமலே ஈட்டு நிலத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளின் பணிப்பாளர் சபைகளுக்கு வழங்கிற்று. நீதிமன்றப் படியேறுமுன்னரே நிலம் போகக்கூடுமாயின், விளங்கிக்கொள்ள எஞ்சும் வேளை கையொப்பத்துக்கு முற்பட்ட வேளை ஒன்றே.

ஆகவே, ஆய்வாளர் அத்தாட்சி வாக்கியத்தை முடிவாகக் கொள்ளாது வினாவாகக் கொள்ளல் வேண்டும்: வாசித்தவர் யார், எம்மொழியில் விளக்கினார், அவரைத் தெரிவு செய்தவர் யார், எவ்வளவு அவகாசம் இருந்தது? சமூக நோக்குடையோர் வற்புறுத்த வேண்டியதும் இதனின்று பெறப்படும். உறுதியின் முழுமையான தமிழ்ப் படியோ சிங்களப் படியோ கைச்சாத்து நாளுக்கு முன்னரே கடனாளியின் கையில் இருத்தல் வேண்டும். கடன் கொடுப்பவரைச் சாராத ஒருவர் அதனை விளக்குதல் வேண்டும். 1707இல் பன்னிரு முதலிமாருக்குக் கிட்டிய அவ்வாய்ப்பு, ஒரு பரப்புக் காணியை ஈடு வைக்கும் கமக்காரருக்கும் உரியதே.