சீர் கொண்டு வந்த ஊரும் கேள்வி கேட்ட தாயும்

கல்யாண வீட்டுக்குத் தாய்மாமன் சீர் போவதுபோல, எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சீர் போகும். மேளம் முன்னே போக, பெண்கள் தாம்பாளத்தில் நோட்டும் பென்சிலும் தேங்காய் பழமும் ஏந்தி வர, பின்னால் டிராக்டரில் பீரோ, மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலி என்று வரிசையாக வரும். பள்ளி வாசலில் தலைமையாசிரியர் சந்தனம் கொடுத்து ஊரை வரவேற்பார். ‘கல்விச் சீர்’ என்று பத்திரிகைகள் இதைப் புதுமையாக எழுதுகின்றன. தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. என் அப்பாவும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்தான். அவர் காலத்தில் இதற்குப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று பெயர்.

அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பள்ளிக்கூடத்தைத் தாங்கியது ஊர்தான். திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் நெல்லாகவும் காய்கறியாகவும் காசாகவும் கொடுத்ததுதான் வருமானம். நவராத்திரி வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாத்தியார் வீடு வீடாகப் போவார். பிள்ளைகள் பாடுவார்கள், வாத்தியாருக்குப் பணமும் பிள்ளைகளுக்குப் பொரிகடலையும் கிடைக்கும். ஆனால் படிப்பில் பெற்றோருக்கு இருந்த பங்கு ஒரே ஒரு வாசகத்தோடு முடிந்தது. “கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க வாத்தியாரே” என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போனால், பிறகு அவன் என்ன படிக்கிறான் என்று யாரும் வந்து கேட்பதில்லை.

அந்தத் திண்ணையிலும் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் எடுக்கச் சொன்ன கணக்கில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண் குழந்தைகள் 4,540 பேர்தான். பழைய காலத்தில் ஊரே பள்ளியை நடத்தியது என்று பெருமை பேசுகிறவர்களிடம் இந்த எண்ணை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன். அந்த ஊரில் சேரியும் சேரவில்லை, என்னைப் போன்ற பெண்களும் சேரவில்லை.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தாங்களே பள்ளி கட்டிய வரலாறும் நம்மிடம் உண்டு. விருதுநகரில் நாடார் உறவின்முறையார் 1880களில் க்ஷத்திரிய வித்யாசாலையைத் தொடங்கினார்கள். கடைக்காரர்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாகக் கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் சோறு வடிக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைத்தார்கள். அந்தப் பிடி அரிசியைத் திரட்டி, விற்ற பணத்தில் பள்ளி நடந்தது. அங்கே படித்து, குடும்பச் சூழலால் ஆறாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பையன்தான் 1954-இல் மாநிலத்தின் முதலமைச்சராக வந்தார். ஊர் நினைத்தால் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது காமராஜருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமாக இல்லை.

அவர் வந்தபோது பெற்றோரின் பெயராலேயே ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அவருக்கு முன் முதலமைச்சராக இருந்த ராஜாஜி 1953-இல் கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மூன்று மணி நேரம். மீதிப் பொழுது அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. பெற்றோருக்குக் கல்வியில் பங்கு என்பதை இப்படியும் ஒருவர் அர்த்தப்படுத்திக்கொள்ள முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத் தைக்கவே போக வேண்டும் என்றால் அந்தப் பங்கு எதற்கு? காமராஜர் பதவியேற்றதும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

கல்வித்துறை இயக்குநராக அவருக்கு வாய்த்தவர் நெ.து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி கொடுத்தார்கள். பள்ளி வந்த பிறகும், பசித்த பிள்ளை வரவில்லை. 1956-இல் மதிய உணவு தொடங்கியது அதனால்தான். முதலில் அது முழுக்க ஊர்க்காரர்களின் கொடையில் நடந்தது. பிறகு அரசும் சேர்ந்துகொண்டபோது, ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு 10 காசு என்று வைத்து, அதில் அரசு 6 காசு, ஊர் 4 காசு என்று பிரித்தார்கள்.

அந்த 4 காசைத் திரட்டுவது வாத்தியார்களின் தலையில் விழுந்தது. அறுவடைக் காலத்தில் அப்பா பள்ளி விட்டதும் சாக்கை மடித்துச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு களத்துமேட்டுக்குப் போவார். நெல் தூற்றி அளந்து முடியும்வரை ஓரமாக நின்றுகொண்டிருப்பார். கூலி அளந்து, கோயிலுக்கு அளந்த பிறகு, “வாத்தியாரே, சாக்கைப் பிடிங்க” என்று குரல் வரும். ஒரு மரக்கால் விழும். சிலர் பதரோடு சேர்த்துப் போடுவார்கள், அதையும் வாங்கிக்கொள்வார். ராத்திரி அம்மா முறத்தில் புடைத்துப் பதரை நீக்கித் தருவாள். பள்ளியில் அந்தச் சோற்றைத்தான் நானும் சாப்பிட்டேன். புழுங்கல் அரிசிச் சோறு, மேலே தண்ணீராக ஒரு சாம்பார். எங்கள் வகுப்பில் பலருக்கு அந்த நாளின் முதல் சாப்பாடு அதுதான்.

அடுத்த படிதான் சீரமைப்பு மாநாடு. முதல் மாநாடு 1958-இல் திருவள்ளூர் பக்கம் கடம்பத்தூரில் நடந்தது. சுந்தரவடிவேலுவின் முறை எளிமையானது. ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆசிரியர்கள் உட்கார்ந்து, எது இல்லை என்று பட்டியல் போட வேண்டும்: கரும்பலகை, கடிகாரம், தேசப்படம், பெஞ்சு, கிணறு, சுற்றுச்சுவர், இன்னொரு வகுப்பறை, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை. பட்டியலை ஊர்க்கூட்டத்தில் படிப்பார்கள். எழுந்து ஒருவர் கடிகாரம் என்பார், இன்னொருவர் கிணறு என்பார். கொடுக்கப் பணமில்லாதவர் மண் சுமக்கிறேன் என்பார். பொருள்கள் சேர்ந்தபின் வட்டாரத்தின் பள்ளிகள் எல்லாம் ஓரிடத்தில் கூடி, அவற்றைப் பந்தலில் வைத்துக் காட்டி ஒப்படைக்கும். பல மாநாடுகளுக்குக் காமராஜரே வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் இது பரவி, கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கட்டடமும் பொருளும் பள்ளிகளுக்குக் கிடைத்தன. சுந்தரவடிவேலுவுக்கு 1961-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பட்டியலை மேலிடத்தில் போடாமல் அந்தந்தப் பள்ளி ஆசிரியரையே போடச் சொன்னார் பாருங்கள், அவர் செய்த பெரிய காரியமாக நான் மதிப்பது அதைத்தான்.

குறையும் இருந்தது. கொடுத்த பொருளின் மேல் பெயின்டில் பெயர் எழுதுவார்கள். அது நிலமும் கடையும் உள்ளவரின் பெயராகவே இருக்கும். மண் சுமந்தவரின் பெயரை எந்தச் சுவரிலும் எழுதவில்லை. பொருள் கொடுத்த பெரியவர் பள்ளிக்கு வந்தால் நாற்காலி போடுவோம்; மண் சுமந்தவர் மகனைச் சேர்க்க வந்தால் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவார். 1960களின் பிற்பகுதியில் மாநாடுகளின் வேகம் தணிந்தது, ஆனால் பள்ளிக்குக் கொடுப்பவர்தான் பள்ளியில் பேசலாம் என்ற பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. பின்னாளில் வந்த பெற்றோர் ஆசிரியர் கழகங்களிலும் பல ஊர்களில் தலைவராக இருந்தவருடைய பிள்ளை அந்தப் பள்ளியில் படித்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் என் மேஜை டிராயரில் ஊதா மை அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தில் முக்கால்வாசிக் கைநாட்டுதான். தாய்மார்கள் விரலை நீட்டுவார்கள், நான் பிடித்து அழுத்துவேன், முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தது. கல்குவாரியில் கல் உடைக்கும் பெண்களும் களை எடுக்கும் பெண்களும் அரிக்கேன் விளக்கில் எழுத்துக் கூட்டினார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு கூட்டம் கூட்டமாக ரோட்டில் போனார்கள். அடுத்த வருஷம் அரைப்பரீட்சைக் கார்டு கொடுத்த அன்று, கல் உடைக்கப் போகும் ஒரு தாய் வந்தாள். நான் மை அட்டையை எடுத்ததும் “வேணாம் டீச்சர்” என்று பேனாவைக் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக, கட்டத்தை மீறிப் பெரிது பெரிதாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்தும் போகவில்லை. கார்டின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து கணக்கில் நிறுத்தினாள். “ஏன் டீச்சர், எல்லாத்துலயும் அம்பதுக்கு மேல இருக்கு, கணக்குல மட்டும் பதினெட்டுன்னு போட்டிருக்கீங்க?”

மகளுக்குக் கழித்தலில் கடன் வாங்க வரவில்லை என்று சொன்னேன். “வீட்ல நான் என்ன செய்யணும்?” என்றாள். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை அவளையே எண்ணி வாங்கச் சொல்லுங்கள் என்றேன். நானும் சாயங்காலம் பத்து நிமிஷம் அவளை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். முழுப்பரீட்சையில் அந்தப் பெண் தேறிவிட்டாள். எங்கள் பள்ளிக்கு வந்த பீரோக்களும் கடிகாரங்களும் சேர்ந்து செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது என்பது என் கருத்து.

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் அந்தத் தாய்க்கு நாற்காலி போட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதுவதும் அவர்கள் வேலை. பல காலம் இது காகிதத்தில்தான் இருந்தது. தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்களைப் பெற்றோர் கூட்டத்தில் வைத்துப் புதிதாக அமைத்த பிறகு கொஞ்சம் உயிர் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்திருந்த நேரத்தில், இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டம் தொடங்கி, படித்த பெண்கள் மாலையில் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பொருளாகக் கொடுத்துப் பழகிய ஊர் நேரத்தையும் கொடுக்கும் என்பது அப்போது தெரிந்தது.

ஆனால் மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் இன்றும் கழிப்பறைக் கதவு, தண்ணீர்க் குழாய், சுற்றுச்சுவர் பற்றியே பேசி முடிக்கிறார்கள். அவையும் தேவைதான். இருந்தாலும், மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் தமிழ்ப் பாடத்தை நிறுத்தாமல் வாசிக்கிறார்கள் என்று யாராவது கேட்க வேண்டாமா?

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் சொல்கிறேன். உங்கள் பிள்ளையின் பள்ளியில் கூட்டம் என்றால் ஒரு வேளைக் கூலி போனாலும் போங்கள். போகும்போது பிள்ளையின் நோட்டை எடுத்துப் போங்கள். எது வரவில்லை, ஏன் வரவில்லை, அதற்குப் பள்ளியில் என்ன செய்வீர்கள், வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் அதற்குக் கோபப்பட மாட்டார். கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லி, கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு வாருங்கள்.