விரல் கண்ட கடினம்

மாம்பழம் வாங்கச் செல்பவர் எவரும் கண்ணை மட்டும் நம்பி வாங்குவதில்லை. விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பார்த்த பின்னரே விலை பேசுகின்றனர். உள்ளே இருப்பதன் தன்மையை மேலிருந்தே அறிந்துகொள்ளும் இந்த வித்தை மருத்துவத்திலும் மிகப் பழையது. ஏறத்தாழக் கி.மு. 1600இல் எகிப்தில் எழுதப்பெற்று, இன்று எட்வின் ஸ்மித் பாபிரஸ் என்னும் பெயரால் வழங்கும் ஏட்டிலே, மார்பில் எழும் கட்டிகளைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. வைத்தியன் கட்டியின்மீது கையை வைத்துப் பார்க்க வேண்டும். அது குளிர்ந்து, பழுக்காத காயைப் போலக் கடினமாக இருக்குமாயின், அதற்குச் சிகிச்சை இல்லையென்று அந்த ஏடு கைவிரித்துவிடுகிறது. சிகிச்சை இன்னதென்று தெரியாத அக்காலத்திலேயே, கடினம் தீய அறிகுறி என்பதை விரல் அறிந்திருந்தது.

கிரேக்கர் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர்; நம் மொழி கறையான் புற்றின் பெயரை இட்டது. இறுகிய மேடு, அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் வழிகள். எந்த உவமை பொருத்தமானது என்று கேட்டால், நான் நம் மொழியின் பக்கமே நிற்பேன்.

ஆனால் விரலுக்குக் குறைகள் உண்டு. ஆழத்தில் உள்ளதும் மிகச் சிறியதும் அதற்கு எட்டுவதில்லை. ஒரு மருத்துவர் கடினம் என்பதை மற்றொருவர் அவ்வளவு கடினமில்லை என்பார். ஆறு திங்கள் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க, விரல் அறிந்ததைத் தாளில் பதிந்து வைக்கவும் வழியில்லை. இக்குறைகளைத் தீர்க்க வந்தது ஒலி.

பாரிஸ் நகரில் 1880இல் பியேர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும், சிலவகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். மின்சாரத்தைச் செலுத்தினால் அப்படிகம் அதிர்கிறது என்பதும் விரைவில் தெரிந்தது. பியேர் கியூரியின் மாணவர் பால் லாஞ்செவின், முதல் உலகப் போரின்போது, இந்த அதிர்வினால் காதுக்குக் கேளாத ஒலியை எழுப்பி, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய முயன்றார். போருக்கென்று பிறந்த கருவி நோயாளியின் படுக்கையருகே வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். லண்டனில் குண்டுவீச்சினால் குடல் பாதிக்கப்பட்டோருக்குச் சிகிச்சை செய்தவர் ஜான் வைல்ட் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர். பின்னர் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் குடியேறிய அவர், குடற்சுவரின் கனத்தை அளக்க வழி தேடி, அருகிலிருந்த கடற்படை விமான தளத்தின் ராடார் பயிற்சிக் கருவியைப் பயன்படுத்தினார். கட்டியிலிருந்து திரும்பும் எதிரொலி வேறுவிதமாக இருப்பதை அப்போது கண்டார். ஜான் ரீட் என்னும் பொறியாளரைத் துணைக்கொண்டு மார்பகக் கட்டிகளையும் அவ்வாறே ஆராய்ந்தார். அவ்விருவரும் 1952இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

அதன்பின் வந்த ஆண்டுகளில், நீர் நிரம்பிய கட்டி எது, சதைக் கட்டி எது என்று பிரித்துக் காட்டுவதில் கேளா ஒலி தேர்ச்சி பெற்றது. சதைக் கட்டியென்றால் அது தீயதா, தீங்கற்றதா? விளிம்பையும் வடிவத்தையும் பார்த்து ஊகிக்கலாம். ஐயம் நீங்காவிட்டால் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். அவ்வாறு சோதிக்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவையே. ஆயினும் முடிவு வரும்வரை அப்பெண் கழிக்கும் நாட்களை யார் கணக்கிட்டார்கள்? உற்றார் உறவினர் அருகில் இல்லாத ஊரில், தன் உடம்பின் குறையைப் பிறமொழியில் சொல்லக் கூசி நிற்கும் நம் பெண்களுக்கு அந்நாட்கள் இன்னும் நீளமானவை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆராய்ந்த ஜானதன் ஓஃபிரும் அவர் குழுவினரும் 1991இல் பழைய விரலின் வழிக்கே திரும்பினர். பஞ்சுத் தலையணைக்குள் ஒரு கொட்டைப்பாக்கு இருப்பதாகக் கொள்வோம். தலையணையை அழுத்தினால் பஞ்சு நசுங்கும், பாக்கு நசுங்காது. அவ்வாறே, அழுத்துவதற்கு முன் ஓர் எதிரொலியும் அழுத்திய பின் ஓர் எதிரொலியும் பதிந்து, இரண்டையும் ஒப்பிட்டால், எந்த இடம் நசுங்கிற்று, எந்த இடம் நசுங்கவில்லை என்று படமாகவே வரைந்துவிடலாம். இம்முறைக்கு அவர்கள் இட்ட பெயர் எலாஸ்டோகிராபி.

பிரயன் கராவும் ஓஃபிர் முதலியோரும் 1997இல் மார்பகக் கட்டிகளில் இதனைச் சோதித்தபோது, எதிர்பாராத ஒன்று தெரிந்தது. சாதாரணக் கேளா ஒலிப் படத்தில் காண்பதைவிட இப்படத்தில் புற்றுக்கட்டி பெரிதாகத் தோன்றியது. புற்று தன்னைச் சுற்றியுள்ள சதையையும் நார்போல் இறுகச் செய்கிறது. அந்த இறுக்கம் கட்டியின் விளிம்பைத் தாண்டியும் பரவுகிறது. தீங்கற்ற கட்டி பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை.

ஜப்பானின் ட்சுகூபா பல்கலைக்கழகத்தார் 2006இல் இதற்கு ஐந்து படிகள் கொண்ட அளவுகோலை வகுத்து வெளியிட்டனர். 111 பெண்களைச் சோதித்ததில், 52 புற்றுக்கட்டிகளுள் 45ஐயும், 59 தீங்கற்ற கட்டிகளுள் 53ஐயும் அந்த அளவுகோல் சரியாகக் காட்டியது. போற்றத்தக்க கணக்குத்தான். எனினும் அதில் அகப்படாமல் தப்பிய ஏழு புற்றுகளின்மீதே என் கண் நிற்கிறது.

கருவியைப் பிடிக்கும் கையின் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறுமே என்ற குறையைத் தீர்த்தவர்கள் பாரிஸ் நகரத்தார். பியேர் கியூரி போதித்த, லாஞ்செவின் பயின்ற அதே கல்லூரியில், மத்தியாஸ் ஃபிங்கின் குழுவினர் 2004இல் புதிய முறையை விளக்கினர். அதில் கை அழுத்துவதில்லை. ஒலிக்கற்றையே சதையை உள்ளே உந்துகிறது. உந்திய இடத்திலிருந்து குளத்து அலைபோல் ஒரு குறுக்கலை பக்கவாட்டில் பரவுகிறது. கேளா ஒலி நம் உடம்பில் நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் செல்வது. இக்குறுக்கலையோ நொடிக்கு ஒரு மீட்டர் முதல் பத்து மீட்டர் வரையில்தான் செல்லும். இறுகிய சதையில் அது விரைந்து ஓடும். நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்து அந்த வேகத்தை அளந்தால், கடினத்தைக் கிலோபாஸ்கல் கணக்கில் எண்ணாகவே எழுதிவிடலாம்.

இங்கே நேயர்களுக்கு ஒரு சொல். இச்சோதனை இன்று நம் நாட்டுப் பெருநகர மருத்துவமனைகள் பலவற்றில் நடைபெறுகிறது. கையில் வண்ணப்படமும் கொடுக்கிறார்கள். அதில் சிவப்பைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், நீலத்தைக் கண்டு மகிழவும் வேண்டாம். ட்சுகூபா முறையில் நீலமே கடினம். பாரிஸ் முறையில் சிவப்பே கடினம்! நிறத்தின் பொருளைப் படமெடுத்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

கடினமெல்லாம் புற்றும் அன்று. மென்மையெல்லாம் நலமும் அன்று. சுண்ணாம்பு படிந்த பழைய நார்க்கட்டி கல்லைப்போல் இருக்கும். சளிபோன்ற பொருள் நிறைந்த ஒருவகைப் புற்று மென்மையாகவே இருக்கும். ஆகவேதான், அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2013இல் தன் விதித்தொகுப்பில் இச்சோதனைக்கு இடமளித்தபோது, மென்மை, இடைநிலை, கடினம் என்னும் மூன்று சொற்களோடு நிறுத்திக்கொண்டது. வடிவமும் விளிம்பும் தீயவையாகத் தோன்றினால், மென்மை என்ற சொல்லை நம்பி ஊசிச் சோதனையைக் கைவிடுதல் கூடாது.

யந்திரம் இவ்வளவு வளர்ந்த பின்னர் வெறுங்கைக்கு வேலை இல்லையோ என்று கேட்கலாம். மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998இல் தொடங்கிய ஆய்வு அதற்கு விடை தருகிறது. குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,51,000 பெண்கள் அதில் இடம்பெற்றனர். அவர்களுள் ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தனர். முடிவு 2021இல் வெளிவந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடையே மார்பகப் புற்றால் நேரும் மரணம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டோரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. அந்த ஊழியர்களிடம் படம் பிடிக்கும் கருவி எதுவும் இல்லை. ஐயத்திற்குரிய கட்டி விரலில் தட்டுப்பட்ட பெண்ணை, மேற்கொண்டு சோதிப்பதற்காகப் பரேலில் உள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார்கள்.