மிளகாய்ச் சாறு: பெயர் எவருடையது? உழைப்பு எவருடையது?

மிளகாய் என்னும் சொல்லைப் பிரித்து நோக்குவார்க்கு ஒரு வரலாறு புலப்படும். மிளகு, காய் என்னும் இரு சொற்களின் கூட்டே அது. மிளகைப்போல் உறைப்பதொரு காய் என்பது பொருள். தனக்கென ஒரு பெயரின்றி, நம் வீட்டில் முன்னரே இருந்த வேறொரு பொருளின் பெயரைக் கடனாகப் பெற்றுக்கொண்டு உள்ளே புகுந்தது அது. மலாய் மக்களும் இவ்வாறே செய்தனர். திப்பிலி இனத்தைக் குறித்த 'சாபை' என்னும் பழஞ்சொல்லை அவர்கள் மிளகாய்க்கும் வழங்கினர். ஆங்கிலேயரோ மிளகையும் மிளகாயையும் 'பெப்பர்' என்ற ஒரே சொல்லால் அழைத்து இன்றளவும் குழம்புகின்றனர். மூன்று மக்களும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே செயலைச் செய்தனர் எனின், அக்காய் மூவர்க்கும் புதிதாக வந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பண்டைத் தமிழர் உணவுக்குக் காரம் தந்தவை மிளகும் திப்பிலியும் இஞ்சியுமே. சங்க நூல்களில் 'கறி' என்னும் சொல் மிளகையே குறித்தது. மிளகாய் இல்லாத குழம்பை இன்று நாம் நினைத்துப் பார்க்கவும் இயலாது. ஆயினும் நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் அதனை அறியாமலே உண்டு வாழ்ந்தனர். 'இது தொன்றுதொட்டு எமது' என்று நாம் அடித்துக் கூறும் பொருள்களுள் எத்தனை உண்மையிலேயே தொன்மையானவை என்று ஆராய்ந்து பார்ப்பது அறிவுடையோர் கடன்.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிக்கோ நாட்டில் 6000 ஆண்டுகட்கும் முன்னரே மக்கள் அதனைப் பயன்படுத்தினர் என்பது அகழ்வாய்வில் கிடைத்த எச்சங்களால் தெரிகிறது. 'சில்லி' என்னும் பெயரும் அந்நாட்டு அஸ்டெக் மக்களின் மொழியிலிருந்து வந்ததே. பெர்நார்டினோ டி சகாகுன் என்னும் ஸ்பானியப் பாதிரியார் 16-ஆம் நூற்றாண்டில் அம்மக்களின் வாழ்க்கையை அவர்தம் மொழியிலேயே தொகுத்து வைத்தார். அத்தொகுப்பில், சந்தையில் பலவகை மிளகாய்ச் சாறுகளை விற்று வந்தோரைப் பற்றிய குறிப்பும் உண்டு. ஆதலின், மிளகாயை அரைத்துச் சாறாக்கி விற்கும் தொழில் ஐரோப்பியர் கண்டதன்று. அவர் அக்கரையில் கால் வைக்குமுன்பே அங்கு நடந்து வந்த தொழில் அது.

1492-ஆம் ஆண்டில் கொலம்பஸ் கடலேறியதற்குக் கீழ்த்திசை வாசனைப் பொருள்களின் மீதிருந்த ஆசையும் ஒரு காரணம். மிளகைத் தேடிச் சென்றவர் மிளகாயைக் கண்டார். அதனையும் மிளகென்றே தம் குறிப்பில் எழுதினார். 1498-இல் போர்த்துக்கீசியர் கள்ளிக்கோட்டையை அடைந்தனர். 1510-இல் கோவாவையும் 1511-இல் மலாக்காவையும் கைப்பற்றினர். அவர்தம் கப்பல் வழியே அந்நூற்றாண்டில் மிளகாய் நம் தாய்நாட்டிலும் இம்மலாய் நாட்டிலும் பரவியது.

ஈண்டு ஒரு செய்தியை நம் தோட்ட மக்கள் கருதிப் பார்த்தல் வேண்டும். நம் பாட்டன்மாரை இந்நாட்டுக்கு இழுத்து வந்த பால்மரமும் அமெரிக்கக் கண்டத்ததே. 1876-இல் விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து அதன் விதைகளை இலண்டனைச் சார்ந்த கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளுள் 22 மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. நம்மவர் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த மிளகாய் வற்றலும், வந்து வெட்டிய மரமும் ஒரே கண்டத்துப் பிறப்பு. ஒன்று நமக்குச் சோற்றுக்குச் சுவையாயிற்று. மற்றொன்று பிறர்க்குச் செல்வமாயிற்று.

நிற்க. இன்று புட்டியில் அடைத்து உலகெங்கும் விற்கப்படும் மிளகாய்ச் சாறுகளுள் பழம்பெயர் பெற்றது 'டபாஸ்கோ' என்பது. ஆங்கிலப் பள்ளியில் பயின்ற என் போன்றோர், அச்சிறு புட்டியை உணவு மேசைமீது வைப்பதே ஒரு நாகரிகம் என எண்ணுவதுண்டு. அதன் வரலாற்றைச் சற்று விரித்துரைப்பேன்.

டபாஸ்கோ என்பது மெக்சிக்கோவில் உள்ள ஒரு மாநிலத்தின் பெயர். அப்பெயர் கொண்ட மிளகாயை 1850-ஆம் ஆண்டை ஒட்டி, ஐக்கிய அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் மான்செல் வைட் என்னும் கரும்புத் தோட்ட முதலாளி பயிரிட்டுச் சாறும் செய்து வந்தார். நியூ ஆர்லியன்ஸ் நாளிதழ் ஒன்று அந்நாளிலேயே இதனைப் பாராட்டி எழுதியது. அவர் 1863-இல் இறந்தார். அதே மாநிலத்தில் எட்மண்ட் மக்கில்ஹென்னி என்னும் வங்கியாளர், ஏவரி தீவு எனப்படும் இடத்தில் கரும்புத் தோட்டம் உடைய குடும்பத்தில் 1859-இல் பெண் கொண்டார். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் அவர் தொழிலை அழித்தது. போர் முடிந்தபின் மாமனார் தோட்டத்தில் தங்கி, வீட்டுப் பின்புறத்தில் மிளகாய் வளர்த்துச் சாறு செய்யத் தொடங்கினார். விற்பனை கருதி அவர் பயிரிட்டது 1868-இல். அடுத்த ஆண்டில் விற்றவை 658 புட்டிகள்; மொத்த விலை புட்டி ஒன்றுக்கு 1 டாலர். வாசனைநீர் அடைக்கும் சிறு புட்டிகளே அதற்கும் பயன்பட்டன. விதை அவருக்கு எவ்வாறு கிடைத்தது என்பது பற்றி இரு வேறு கூற்றுகள் உண்டு. வைட் வழியாக வந்தது என்பர் சிலர். மெக்சிக்கோவிலிருந்து வந்த வழிப்போக்கர் ஒருவர் தந்தது என்பது அக்குடும்பத்தார் கூற்று.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்விருவரோடு நின்றுவிடும். ஆனால் மிளகாய்ச் சாற்றுக்கு வேண்டியவை மூன்று: மிளகாய், உப்பு, காடி. ஏவரி தீவின் உப்பு எங்ஙனம் வெளிப்பட்டது? 1862-ஆம் ஆண்டு மே மாதத்தில், போர்க்காலத் தேவைக்காக உவர்நீர்க் கிணறுகளை ஆழப்படுத்தியபோது, 16 அடி ஆழத்தில் பாறைபோல் திண்ணிய உப்பு தட்டுப்பட்டது. கடப்பாரை பிடித்து அதனை முதலில் தொட்ட கைகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்டோரின் வழிவந்த அடிமைகளின் கைகள். கரும்பு நட்டவர்களும் வெட்டியவர்களும் அவர்களே. வைட் என்பாரின் தோட்டமும் அடிமைகளின் உழைப்பாலேயே இயங்கியது. முதலாளியின் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் மணம்புரிந்த ஆண்டும் நமக்குத் தெரிகின்றன. உப்பைக் கண்டவன் பெயர் என்ன?

அடிமை முறை 1865-இல் சட்டத்தால் ஒழிந்தது. அதன்பின் மிளகாய் பறித்தோர் கூலிக்குப் பறித்தனர். சரியாகப் பழுத்த காயை இனங்காண அவர்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிய ஒரு சிறு குச்சி தரப்பட்டது. குச்சியின் நிறத்துக்கு ஒத்த பழத்தையே பறித்தல் வேண்டும். பொழுது சாய்ந்ததும் எடை. எடைக்குத் தக்க கூலி. இதனைப் படித்தபோது எனக்கு அந்நாடு அயல்நாடாகத் தோன்றவில்லை. பால் எடையையும் குலை எண்ணிக்கையையும் பெயருக்கு நேரே எழுதுவது கிராணிமார் தொழில். மாதம் முடிந்து கணக்கு மேலே செல்லும்போது எண்கள் மட்டும் செல்லும். பெயர்கள் செக்ரோலிலேயே தங்கிவிடும். சரக்கு துறைமுகத்தை அடையும்போது அதில் இருப்பது முதலாளியின் முத்திரை ஒன்றே.

மக்கில்ஹென்னி 1870-இல் தம் செய்முறைக்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமை வேண்டுவோர் செய்முறையை விளக்கி எழுதித் தருதல் சட்டம். அவ்வுரிமையோ சில ஆண்டுகளே நிற்கும். அதன் காலம் கழிந்து இன்று நூறாண்டுக்கும் மேலாயிற்று. பெயரின் நிலை வேறு. 1898-இல் அந்நிறுவனத்தின் பழைய வேலையாள் ஒருவர் தாமும் டபாஸ்கோ சாறு செய்து விற்கத் தலைப்பட்டார். பிறரும் தொடர்ந்தனர். 1906-இல் பெயர் வணிகக் குறியாகப் பதிவாயிற்று. பல்லாண்டு நடந்த வழக்குகளின் முடிவில் அப்பெயர் மக்கில்ஹென்னி நிறுவனத்துக்கே உரியதென நிலைபெற்றது. ஒரு மாநிலத்தின் பெயர், ஒரு காயின் பெயர், ஒரு குடும்பத்தின் சொத்தாயிற்று. இதில் வியப்பு யாதெனில், மக்கில்ஹென்னி தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதிய குறிப்பில் இச்சாற்றைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அதைக்காட்டிலும் வங்கித் தொழிலையே அவர் பெருமையாகக் கருதினார் போலும்!

ஆகவே ஒன்று தெளிவாகிறது. பெயரை ஒருவர் தமக்கே உரியதாக்கிக்கொள்ளலாம். செய்முறையை அவ்வாறு என்றென்றும் பூட்டிவைத்தல் இயலாது. டபாஸ்கோ என்னும் பெயரை நம் புட்டியில் ஒட்டி விற்க நமக்கு உரிமையில்லை. அச்சாற்றின் வழியில் நம் வீட்டுக் காயைக் கொண்டு சாறு செய்வதைத் தடுக்க எவர்க்கும் உரிமையில்லை.

மேலும், அப்புட்டியில் உள்ள மிளகாயும், மலாய் மக்கள் 'சிலி பாடி' என்றும் நம்மவர் ஊசி மிளகாய் என்றும் அழைக்கும் சிறுகாய்களுள் பலவும் ஒரே இனத்தன. வேலியோரத்தில் பறவை இட்ட விதையிலிருந்து தானே முளைக்கும் செடி அது. பறவைகளுக்கு மிளகாயின் காரம் தெரிவதில்லை. ஆதலின் அவை தின்று விதையைப் பரப்புகின்றன.

செய்முறை இதுவே. நன்கு பழுத்த செம்மிளகாய் 1 கிலோ எடுத்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பு நீக்குக. அழுகல் பட்டதை ஒதுக்குக. 30 கிராம் உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்திடுக. அச்சாந்தை வெந்நீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிச் சாடியிலோ பீங்கான் ஊறுகாய்ச் சாடியிலோ முக்கால் பங்கு மட்டும் இட்டு, அழுத்தி, மேலே சிறிது உப்புத் தூவி, மூடியை இறுக்காமல் வைத்திடுக. இரண்டொரு நாளில் சாந்து நுரைத்துப் பொங்கும். தயிரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களை ஒத்தவை காயிலேயே உள்ளன. உப்பு, கெடுக்கும் கிருமிகளை அடக்கி இவற்றுக்கு இடம் தருகிறது. இவை ஆக்கும் புளிப்பே சாந்தைக் காக்கும். நாள்தோறும் சுத்தமான கரண்டியால் கிளறி அழுத்துக. பஞ்சுபோல் பச்சையாகவோ கருமையாகவோ பூசணம் பூத்தால் சாடி முழுவதையும் கொட்டிவிடுதல் வேண்டும். மேலாக வழித்துவிட்டு மீதியை உண்ணல் ஆகாது.

நம் வெப்ப நாட்டில் இரண்டு மூன்று வாரங்களில் பொங்குதல் அடங்கும். பின்னர்ச் சாந்தில் பாதியளவு வினிகர் என்னும் காடியைச் சேர்த்துச் சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, கொதிநீரில் இட்டெடுத்த புட்டிகளில் சூடாகவே அடைத்திடுக. மக்கில்ஹென்னி தொடக்கத்தில் ஒரு மாதம் ஊறவைத்தார். காடி சேர்த்தபின் மற்றொரு மாதம் வைத்தார். பிற்காலத்தில் அந்நிறுவனம் மரப்பீப்பாய்களில் மூன்றாண்டு வரையிலும் ஊறவைக்கலாயிற்று. பொறுமை கூடினால் சுவை கூடும்.

அரைக்கும்போது கையுறை அணிதல் நன்று. காரத்துக்குக் காரணமாகிய கேப்சைசின் என்னும் பொருள் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். எரியும் கையில் எண்ணெய் தடவிப் பின் சோப்பிட்டுக் கழுவினால் எரிச்சல் தணியும். எரியும் நாவுக்குத் தண்ணீரைவிடப் பாலும் மோரும் உதவும்.

இவ்வளவு எளிய பொருளை விலைகொடுத்து வாங்குவது குற்றமன்று. ஆனால், லயத்து வீடுகளின் பின்புறத்தில் மிளகாயும் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்துக் குடும்பத்தைத் தாங்கிய தாய்மார் கையில் இருந்த அறிவு, புட்டியில் அடைபட்டுப் பெயர்த்தாள் ஒட்டியபின்புதான் நமக்கு மதிப்பாகத் தோன்றுகிறது என்றால், அது எண்ணிப் பார்க்கத் தக்கது. தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குவீடுகளில் குடியேறியவர்கள் செடிகளைப் பூந்தொட்டியில் எடுத்துச் சென்றனர். எந்தக் காய் எந்தப் பதத்தில் பறிக்க வேண்டும் என்பதையும் உடன் கொண்டு சென்றனர். அவ்வறிவை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதப்படாத அறிவு மூன்றாம் தலைமுறையில் மறையும்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். இம்முறையிலோ உங்கள் வீட்டு முறையிலோ சாறு செய்வோர், புட்டியின்மேல் ஒரு தாளை ஒட்டி, சாடியில் இட்ட நாளையும் செடியை வளர்த்தவர் பெயரையும் அரைத்தவர் பெயரையும் எழுதுங்கள். பாட்டியாரைக் கேட்டு அளவுகளை ஒரு குறிப்பேட்டில் பதியுங்கள். 'கையளவு' என்று அவர் சொன்னால், அவர் கையாலேயே அள்ளச் செய்து, நிறுத்து, எடையை எழுதுங்கள். ஏவரி தீவின் உப்பைத் தோண்டியவன் பெயரை இனி எவராலும் மீட்க இயலாது. நம்மவர் பெயர்களை எழுதிவைக்க இன்னும் காலம் இருக்கிறது.